காபி கிரைண்டர் அலைன்மென்ட்: ஐந்து மாலைகளும் ஒரு சின்னப் பிசிறும்

நேற்று இரவு காபி கிரைண்டரின் டயலை மெல்லிய அரைப்புப் பக்கமாக இறக்கிக்கொண்டே போனேன். 8-க்கு வந்த பிறகுதான் பர், அதாவது கொட்டையை அரைக்கும் இரண்டு பல் வட்டுகள், ஒன்றோடொன்று உரசும் அந்த மெல்லிய 'கிரீச்' கேட்டது. பத்துப் பதினொரு நாளுக்கு முன்னால் இதே கிரைண்டரில் 12-லேயே கேட்டது. அன்று எஸ்பிரஸோவுக்கு 16-ல் அரைத்தேன், இன்று 19-ல் அரைக்கிறேன். அதாவது உரசும் இடத்துக்கும் அரைக்கும் இடத்துக்கும் நடுவே முன்பு 4 கோடுதான் இருந்தது, இப்போது 11 கோடு இருக்கிறது. கடைசி ஐந்து ஷாட்டும் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரஸோ) 27 விநாடிக்கும் 30 விநாடிக்கும் நடுவில் இறங்கியிருக்கின்றன. வேலை முடிந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். ஆனால் முதல் மூன்று மாலைகள் நான் தவறான இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம். 64 மி.மீ தட்டை பர் போட்ட, ஒரு முறைக்குத் தேவையான கொட்டையை மட்டும் எடை போட்டுப் போடும் வகை. கீழே சுழலும் பர், அது ஒரு கேரியரில் மூன்று எம்4 திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. மேலே சுழலாத பர், அது மரை போட்ட ஒரு காலரில் உட்கார்ந்திருக்கிறது. டயலைத் திருப்பினால் காலர் ஏறி இறங்கும். மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ நகர்கிறது. டயலில் 100 கோடு இருக்கிறது. ஆக ஒரு கோடு என்பது 0.01 மி.மீ, அதாவது 10 மைக்ரான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எண்களெல்லாம் சுலபமாகப் புரியும்.

இவ்வளவு பெரிய தட்டை பர் வீட்டுக்கு வந்ததே சமீபத்திய கதைதான். 98 மி.மீ பர் கொண்ட ஈகே43 கடைகளில் கொட்டையை மொத்தமாக அரைத்துக் கொடுக்கும் மெஷின். 2013-ல் மெல்போர்னில் நடந்த உலக பாரிஸ்டா (காபி போடுபவர்) போட்டியில் ஆஸ்திரேலியாவின் மேட் பெர்ஜர் அதை வைத்து எஸ்பிரஸோ போட்டு இரண்டாம் இடம் பெற்றார். அதற்கப்புறம் எஸ்பிரஸோ ஆட்கள் பெரிய தட்டை பர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கினேன். பர் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அலைன்மென்டும், அதாவது இரண்டு பர்ரும் இணையாக இருப்பதும், முக்கியம் என்பது வாங்கும்போது தெரிந்த விஷயம்தான். வளையம் அகலமானால், நடுவில் இருக்கும் ஒரு சின்னச் சாய்வு ஓரத்தில் பெரிதாகத் தெரியும். தெரிந்திருந்தும், விலை உயர்ந்த மெஷின் ஆயிற்றே, நேராகத்தான் இருக்கும் என்று பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டேன்.

தொந்தரவு மெதுவாகத்தான் வந்தது. ஒரே கொட்டை, ஒரே 18 கிராம், டயல் அதே 16, அழுத்தும் விதமும் அதே. 36 கிராம் இறங்க ஆன நேரத்தைக் குறித்து வைத்தேன்: 21, 33, 26, 38, 24 விநாடிகள். அடி திறந்த போர்ட்டாஃபில்டரில் (தூளைப் பிடிக்கும் கைப்பிடிக் கிண்ணம்) பார்த்தால் நடுவில் ஒரே தாரையாகச் சேராமல் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பீச்சி அடிக்கும். குடித்தால் ஒரே வாயில் புளிப்பும் இருக்கும், நாக்கின் பின்பக்கம் வறண்ட கசப்பும் இருக்கும். புளிப்பு மட்டும் என்றால் இன்னும் மெல்லியதாக அரைக்கலாம், கசப்பு மட்டும் என்றால் பருமனாக அரைக்கலாம். இரண்டும் சேர்ந்து வரும்போது எந்தப் பக்கம் திருப்புவது? இரண்டு வாரம் தூளைக் கிளறும் ஊசியையும் அதை அழுத்தும் டாம்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். 16-ஐ விட மெல்லியதாகப் போகவும் இடமில்லை. 12-லேயே உரசுகிறது என்பதால் 14-க்குக் கீழே இறக்கப் பயமாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் பர் மேல் விழுந்தது. பர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் சீக்கிரமே உரசும், எதிர்ப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மெல்லிய பக்கத்தில் மாவும் அகன்ற பக்கத்தில் குறுணையும் விழும்.

முதல் மாலை. பிளக்கைப் பிடுங்கினேன். இது சடங்கு அல்ல, கை உள்ளே போகும் வேலை. காலரைக் கழற்றி, இரண்டு பர்ரையும் எடுத்து, பிரஷ்ஷாலும் சின்ன வேக்குவம் கிளீனராலும் தூளை எடுத்தேன். பர்ரின் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். பர் உட்காரும் இடத்தையும் ஒரு துணியால் ஒரு முறை சுற்றித் துடைத்தேன். அந்த 'ஒரு முறை சுற்றி'தான் பின்னால் மூன்று மாலைகளைத் தின்றது.

அப்புறம் மார்க்கர் சோதனை. பர்ரின் வெளி ஓரத்தில், பற்கள் முடியும் இடத்தில் தட்டையான ஒரு விளிம்பு இருக்கும். அதில் மார்க்கரால் முழு வட்டமாக மை பூச வேண்டும். மாட்டி, வெறும் மோட்டாரை ஓட்டி, பர்கள் தொடும் வரை டயலை மெதுவாக இறக்க வேண்டும். தொட்டதும் உடனே விலக்கி, கழற்றிப் பார்க்க வேண்டும். மை எங்கே அழிந்திருக்கிறதோ அந்த இடம் உயர்ந்திருக்கிறது. எங்கே அப்படியே இருக்கிறதோ அது தாழ்ந்திருக்கிறது. நான் மோட்டாரை அணைத்துவிட்டு, அது வேகம் குறைந்து நிற்கப் போகும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் டயலை இறக்கித் தொட வைத்தேன். முழு வேகத்தில் எஃகோடு எஃகு மோதுவதை விட இது பர்ருக்கு நல்லது, காதுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

கையில் கிடைத்தது பர்மனென்ட் மார்க்கர். அது சரிப்படவில்லை. மை எஃகில் ஒட்டிக்கொண்டு, லேசாகத் தொட்ட இடத்தில் அழியவே இல்லை. அழிய வைக்க இன்னும் இறக்கினால் உரசல் அதிகமாகி எல்லா இடத்திலும் கோடு விழுகிறது. ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒயிட்போர்டு மார்க்கருக்கு மாறினேன். அது விரல் பட்டாலே அழியும், அதுதான் வேண்டும். மை பூசிய பிறகு ஒரு நிமிடம் காய விட வேண்டும். ஈரத்தோடு மூடினால் எதிர் பர்ரில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும்.

மேல் பர்ருக்கு மட்டும் மை பூசினேன், அதைக் கழற்றுவது எளிது என்பதால். திறந்து பார்த்தால் வட்டம் முழுக்க மை அழிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் மை மிச்சம். 'அட, நேராகத்தானே இருக்கிறது!' என்று மூடிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை ஷாட் 35 விநாடி, அடுத்தது 23.

இதில் என் தவறு என்ன என்று புரிய அன்று பகல் முழுக்க ஆனது. ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கீழ் பர்ரில் ஒரு இடம் மட்டும் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுழல்கிறது. ஒரு சுற்றில் அந்த மேடு மேல் பர்ரின் வட்டம் முழுவதையும் தடவிவிட்டுப் போகும். ஆக மேல் பர்ரில் மை முழுக்க அழியும், பார்க்க அழகாக இருக்கும். குற்றம் கீழே இருப்பது மேலே தெரியாது. ஒரு பர்ரில் பூசிய மை அந்தப் பர்ரின் சாய்வை மட்டும்தான் காட்டும். இரண்டையும் தனித்தனியாகப் பூசிப் பார்க்காவிட்டால் சோதனை பாதிதான். இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் மாலை கீழ் பர்ருக்குப் பூசினேன். திறந்ததும் தெரிந்துவிட்டது. வட்டத்தில் கால் பங்கு, ஒரு 90 டிகிரி அளவுக்கு மட்டும் மை அழிந்து எஃகு பளபளத்தது. மீதி முக்கால் வட்டமும் நீலமாக அப்படியே இருந்தது. அழிந்த இடம் மூன்று திருகுத் துளைகளில் ஒன்றின் மேல் நடுவாக இருந்தது. கேரியரில் துளைகளுக்கு 1, 2, 3 என்று மார்க்கரால் எண் போட்டேன். மேடு 2-ம் துளைப் பக்கம்.

சரி, தாழ்ந்த பக்கத்தைத் தூக்கிவிடலாம் என்று சமையலறை அலுமினிய ஃபாயிலை எடுத்தேன். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஒரு தாள் 0.016 மி.மீ. அரை விரல் நகம் அளவுக்கு வெட்டி, 1-ம் துளைக்கும் 3-ம் துளைக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று வைத்தேன். ஃபாயிலைத் திருகுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இரண்டு திருகுக்கு நடுவில் வைத்தால் இறுக்கும்போது பர்ரே வளைய வாய்ப்பு உண்டு. ஒரு தாளில் அழிந்த பகுதி 90-லிருந்து சுமார் 130 டிகிரி ஆனது. முன்னேற்றம்! இரண்டு தாள் வைத்தேன், பாதி வட்டம். மூன்று தாள் வைத்தேன், மூன்று இடத்தில் திட்டுத் திட்டாக அழிந்து, நடுவில் நீலம் விட்டுவிட்டுத் தெரிந்தது. மணி பதினொன்றரை. ஒவ்வொரு முறையும் காலரைக் கழற்றி, மூன்று திருகைக் கழற்றி, ஃபாயிலை நகர்த்தி, மை பூசி, காயவைத்து, மாட்டி, உரசி, திரும்பக் கழற்றி என்று ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் போனது.

மறுநாள் காலை அரைத்தபோது ஷாட் நன்றாக வந்தது. 29 விநாடி. அதற்கடுத்த நாள் காலை 31. சந்தோஷத்தில் இருந்தேன். அன்று மாலையே 40-ஐத் தாண்டியது. உரசும் இடத்தைச் சோதித்தால் டயல் 14-ல் கத்துகிறது. ஆரம்பித்ததை விட மோசம்.

மூன்றாம் மாலை கழற்றிப் பார்த்தேன். 3-ம் துளைப் பக்கம் இருந்த மூன்று தாள்களில் ஒன்று நழுவி மடிந்திருந்தது. மடிந்த இடத்தில் நாலு தாள் கனம். ஒன்றுக்கு மேல் அடுக்கும் ஃபாயில் உறுதியான பொருளே அல்ல. சுருக்கமும் காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் போல நிற்கிறது. மோட்டார் அதிர அதிர நசுங்குகிறது, திருகு தளர்கிறது, மறுபடி நகர்கிறது. அன்று புதிதாக வெட்டி, நீவி, இன்னும் கவனமாக அடுக்கினேன். ஏழு முறை கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் மை வேறு மாதிரி அழிந்தது. ஏழு முறையில் ஒரு முறை கூட முந்தைய படத்தைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கழற்றி மாட்டினால் ஒரே பதில் வராத ஒன்றைச் சரிசெய்ய முடியாது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். பிடிவாதமாக நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் மாலை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, லேத் வேலையில் இருக்கும் ஒரு அண்ணனைப் பார்க்கப் போனேன். காபி பற்றி அவருக்கு அக்கறை இல்லை. உலோகம் பற்றி உண்டு. நான் ஃபாயில் கதையை முழுக்கச் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, உட்காருற முகத்தைப் பார்த்தியா?"

"துடைச்சேன் அண்ணே."

"துடைச்சது சரி. பார்த்தியா?"

அவர் முதலில் செய்யச் சொன்னது மிக எளிய ஒரு சோதனை. பர்ரின் முதுகில் ஒரு புள்ளி வைத்து, அதை ஒரு துளை தள்ளி, அதாவது 120 டிகிரி திருப்பி மாட்டு. மை பூசி உரசிப் பார். அழிந்த இடம் பர்ரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் பர்ரில். கேரியரின் அதே இடத்தில் நின்றால் குற்றம் கேரியரில். ஃபாயில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செய்தோம். பர் நகர்ந்தது, அழிந்த இடம் நகரவில்லை. மறுபடி 120 டிகிரி. மறுபடியும் 2-ம் துளைப் பக்கம்தான். பர் நல்ல பர். இதுவரை நான் பர்ரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டயல் இண்டிகேட்டர், மேடு பள்ளத்தை முள்ளில் காட்டும் அளவுக் கருவி. நெம்புகோல் முனை கொண்ட சின்ன வகை, ஒரு கோடு 0.01 மி.மீ. காந்த ஸ்டாண்டை கிரைண்டர் உடம்பில் ஒட்ட வைக்கப் பார்த்தால் ஒட்டவில்லை, உடம்பு அலுமினியம். அவர் ஒரு தடித்த எஃகுத் தகட்டை எடுத்துப் போட்டு, கிரைண்டரை அதன் மேல் வைத்து கிளாம்ப்பால் இறுக்கி, ஸ்டாண்டைத் தகட்டில் ஒட்ட வைத்தார். கேரியரில் பர் உட்காரும் முகத்தில் முனையை வைத்து, ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். 1-ம் துளைப் பக்கம் பூஜ்யம் வைத்தோம். 3-ம் துளைக்குப் போகும் வரை முள் 0.01-க்குள் மெதுவாக ஏறி இறங்கியது. 2-ம் துளைக்கு வந்ததும் முள் படாரென்று 0.05-க்குத் துள்ளி, துளையைத் தாண்டியதும் உடனே கீழே விழுந்தது. மெதுவாக ஏறி இறங்கினால் முகம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரே இடத்தில் துள்ளினால் அங்கே ஏதோ நிற்கிறது.

விரல் நகத்தை அந்தத் துளையின் வாய் மேல் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தடுக்கியது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் துளையைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு பிசிறு. கண்ணுக்குத் தெரிவதை விட நகத்துக்கு நன்றாகத் தெரிகிறது. திருகை அளவுக்கு மீறி இறுக்கினால், மரையின் முதல் சுற்று அலுமினியத்தைத் தன்னோடு மேலே இழுத்து, வாயைச் சுற்றி ஒரு மேடு கட்டிவிடும் என்றார். எப்போது நடந்தது என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. வாங்கி ஆறாம் மாதம் முதல் முறையாகச் சுத்தம் செய்யக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது, கழன்றுவிடக் கூடாதே என்று எல் கீயின் நீளமான கையைப் பிடித்து முழு பலத்தோடு இறுக்கினேன். அதுவும் முதலில் ஒரு திருகை முழுக்க இறுக்கிவிட்டு அப்புறம்தான் அடுத்ததற்குப் போனேன். ஷாட் தடுமாற ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். நேராக வந்த மெஷினை நான்தான் கோணலாக்கியிருக்கிறேன். அந்த மேட்டின் மேல் உட்கார்ந்த பர்ருக்கு எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுக்க இரண்டு மாலை ஃபாயில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சரிசெய்ய எடுத்த நேரம் 40 நிமிடம். நடு போல்ட்டைக் கழற்றும் முன் கேரியரும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரு கோடு போட்டோம், திரும்ப அதே நிலையில் உட்கார வேண்டும் என்பதற்காக. கேரியரை வெளியே எடுத்தாகிவிட்டது. கிரைண்டருக்குள் வைத்தே உரசினால் உலோகத் தூள் பேரிங்கில் போய்விடும், அது கூடவே கூடாது. துளையை விடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டை எடுத்து, மெஷினில் போடாமல், இரண்டு விரலால் துளை வாயில் வைத்து நாலைந்து முறை திருப்பினார். வாயில் இருந்த கூர்மை போய் ஒரு சின்னச் சரிவு வந்தது. மற்ற இரண்டு துளைக்கும் அதே. அப்புறம் சொட்டு எண்ணெய் விட்ட மெல்லிய ஆயில் கல்லை முகத்தின் மேல் தட்டையாக வைத்து, கல்லின் எடை மட்டுமே அழுத்தமாக இருக்கும்படி நாலு தடவை தள்ளினார். கல்லைத் தூக்கிப் பார்த்தால் 2-ம் துளையைச் சுற்றி மட்டும் பளபளப்பு. இன்னும் ஆறு தடவை. மூன்று துளைப் பக்கமும் ஒரே சாயல் வந்ததும் நிறுத்தினார். நான் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமா என்று கேட்டதற்குக் கையை விலக்கிவிட்டார். மேட்டை எடுப்பதுதான் வேலை, முகத்தைத் தேய்ப்பது வேலை இல்லை. உப்புத்தாளை வைத்து முகத்தையே தேய்த்துவிட்டால் அது எந்தப் பக்கம் சாயும் என்று கைக்குத் தெரியாது.

ஆல்கஹாலில் கழுவி, துடைத்து, போட்ட கோடு பார்த்து மாட்டி, மறுபடி இண்டிகேட்டர். ஒரு முழுச் சுற்றுக்கும் 0.01 மி.மீ-க்குள் நின்றது. துள்ளல் இல்லை. முள் அப்படி அமைதியாகச் சுற்றி வந்ததைப் பார்த்த அந்தக் கணம் எனக்குப் பெரிய நிம்மதி.

ஐந்தாம் மாலை வீட்டில். இந்த முறை உட்காரும் முகங்களைப் 'பார்த்தேன்'. மேல் காலரில் பர் உட்காரும் பள்ளத்தின் உள் மூலையில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. காபி எண்ணெயும் மாவும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது, துணிக்கு வராது. மரக் குச்சியின் முனையைச் சீவி, ஆல்கஹால் தொட்டு மூலை முழுக்கச் சுரண்டினேன். எஃகு முனை வைக்கவில்லை, அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அது இன்னொரு பிசிறு. காலரின் மரையிலும் தூள் அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, உணவுப் பொருளுக்கு ஏற்ற கிரீஸை மிகச் சிறிதாகத் தடவினேன். பர்ரின் முதுகுகளையும் துடைத்தேன்.

திருகுகளுக்கு அண்ணன் தந்த டார்க் ஸ்க்ரூடிரைவர், அதாவது வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் வகை. 2 நியூட்டன் மீட்டருக்கு வைத்தது. மூன்றையும் விரலால் தொட வைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கால் திருப்பு கால் திருப்பாக வரிசையில் சுற்றி வந்து, கடைசிச் சுற்றில் 'க்ளிக்' வரும் வரை இறுக்கினேன். நான் முன்பு கையால் இறுக்கியதோடு ஒப்பிட்டால் 2 நியூட்டன் மீட்டர் வியப்பளிக்கும் அளவுக்கு லேசாக இருக்கிறது. அது போதும்.

கீழ் பர்ருக்கு மை. ஃபாயில் எதுவும் இல்லாமலேயே வட்டம் முழுக்க அழிந்தது. கழற்றி மாட்டி மறுபடி பார்த்தேன், அதே படம். மூன்றாவது முறையும் அதே. மேல் பர்ருக்குப் பூசினால் ஒரு பக்கம், சுமார் 60 டிகிரிக்கு, மை கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதல் மாலை நான் கவனிக்காமல் விட்ட அதே பக்கம். அங்கே ஒரே ஒரு தாள் ஃபாயில், திருகுக்குப் பக்கத்தில், ஓரம் வெளியே நீட்டாமல் பிளேடால் வெட்டி வைத்தேன். முழு வட்டமும் அழிந்தது. மொத்தக் கிரைண்டரிலும் இப்போது இருப்பது அந்த ஒரு தாள்தான். ஒரு தாளோடு நிற்பதால் நழுவவோ நசுங்கவோ இடமில்லை. ஐந்து நாள் கழித்து நேற்று இரவு மறுபடி சோதித்தேன். உரசும் இடம் 8 என்றே நின்றது.

முதல் 40 கிராமை அரைத்துக் கொட்டினேன், கல்லின் தூளோ ஆல்கஹாலோ மிச்சம் இருந்தால் போகட்டும் என்று. பழைய 16-ல் ஷாட் போட்டால் நீர் இறங்கவே மறுத்தது, 36 கிராமுக்கு 52 விநாடி. 18-ல் 34. 19-ல் 28. அதே 19-ல் அடுத்தடுத்து: 28, 30, 27, 29, 28. ஓரத்தில் பீச்சியடிப்பது நின்று, எட்டாவது விநாடி சுமாருக்கு நடுவில் ஒரே தாரையாகச் சேர்கிறது. சுவையில் முதலில் தெரிந்தது புளிப்பு குறைந்தது அல்ல, அந்த வறண்ட கசப்பு காணாமல் போனது. புளிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அது பழத்தின் புளிப்பு மாதிரி இருக்கிறது, பின்னாலேயே இனிப்பு வருகிறது. வடிதாளில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வடிக்கும் போர் ஓவரிலும் மாற்றம் தெரிகிறது. 15 கிராமுக்கு 250 கிராம் நீர் ஊற்றினால் முன்பு கடைசியில் அடியில் மாவு அடைத்து வடிய 3 நிமிடம் 40 விநாடி ஆகும். டயலை உரசும் இடத்திலிருந்து அதே தூரத்தில் வைத்தும் இப்போது 3 நிமிடம் 5 விநாடியில் வடிகிறது. தூளின் படுகையும் தட்டையாக நிற்கிறது.

செலவைப் பார்த்தால், கொட்டை 740 கிராம், ஐந்து மாலைகளில் மொத்தம் சுமார் 11 மணி நேரம், ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று, கால் மீட்டருக்கும் குறைவான ஃபாயில். இண்டிகேட்டரும் டார்க் ஸ்க்ரூடிரைவரும் இரவல். டார்க் ஸ்க்ரூடிரைவரை மட்டும் சொந்தமாக வாங்கப் போகிறேன். இவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்குகிறவர் அதோடு சேர்த்தே அதை வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கொட்டையில் பாதிக்கு மேல் ஃபாயில் நாட்களில் போனது. சோதனைக்குப் பழைய கொட்டையை ஒதுக்கி வைத்திருக்கலாம். உரசும் இடமும் மை அழியும் படமும் பார்க்கக் கொட்டையே தேவையில்லை, ஷாட் நேரம் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம்.

அடுத்த முறை வரிசையையே மாற்றுவேன். கழற்றியதும் முதலில் நகத்தால் ஒவ்வொரு துளை வாயையும் தடவிப் பார்ப்பேன். உட்காரும் முகம், பர்ரின் முதுகு, உள் மூலை மூன்றையும் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்ப்பேன். பிறகு இரண்டு பர்ருக்கும் தனித்தனியாக மை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை கழற்றி மாட்டி, ஒரே படம் வருகிறதா என்று. வந்தால்தான் மேலே போவேன். அப்புறம் 120 டிகிரி திருப்பும் சோதனை. இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால் மட்டும் ஃபாயில், அதுவும் ஒரு தாள். இரண்டு தாள் தேவைப்பட்டால் ஃபாயிலை விட்டுவிட்டு, 0.03 மி.மீ எஃகு ஷிம் தகட்டை வாங்கி வெட்டிக்கொள்வேன். ஒவ்வொரு முறை மை அழிந்த படத்தையும் போனில் எடுத்து வைப்பேன். இந்த முறை முதல் இரண்டு நாள் எடுக்கவில்லை, நினைவை நம்பினேன். மூன்றாம் நாள் எது எந்தப் படம் என்று குழம்பிப் போனது. பர்ரின் முதுகிலும் கேரியரிலும் வைத்த புள்ளிகளை இப்போது ஊசியால் லேசாகக் கீறி நிரந்தரமாக்கிவிட்டேன், பர் உட்காரும் முகத்தில் அல்ல, பக்கவாட்டில்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆறு பேருக்கு அடுத்தடுத்து அரைத்த ஒரு நாள், கடைசியில் சோதித்தபோது உரசும் இடம் 8-லிருந்து 9-க்கு ஏறியிருந்தது. மறுநாள் காலை ஆறிய பிறகு மறுபடி 8. சூட்டில் ஷாஃப்டும் கேரியரும் கொஞ்சம் நீளுகின்றன போலிருக்கிறது. 10 மைக்ரானுக்கு ஷாட்டில் சுமார் ஆறு விநாடி வித்தியாசம் வருகிறது. வரும் வாரம் ஒரு தெர்மாமீட்டரைக் காலரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு 18 கிராமுக்கும் சூட்டையும் உரசும் இடத்தையும் குறித்து வைக்கப் போகிறேன்.